கொண்டை ஊசி

டிரிப் ஷீட்டின் பின்பக்கம்
அறுபத்துநாலு கட்டம்.
அடிவாரத்தில் டீ ஆறுவதற்குள்
கறுப்பு ராஜாவைக் கொல்ல வேண்டும்,
அவனுடைய முழுச் சம்மதத்தோடு.

இது போட்டியில்லை. கறுப்பும் வெள்ளையும்
கூட்டுச் சேர்ந்து கறுப்பைத் தோற்கடிக்கிற கணக்கு.
மூன்றே நகர்த்தல், ஒரே வழி.
இரண்டாவது வழி இருந்தால் கணக்கு செத்தது.

ராணியை எடுத்துவிட்டேன். அவள் இடத்தில்
நானே செய்த காய்: கொண்டை ஊசி.
பலகையின் ஓரம் தொட்டால் நிற்காது,
அடுத்த வரிசைக்கு மடிந்து
வந்த திக்கிலேயே திரும்பி ஓடும்.
இப்போதைக்கு அதற்கு உருவம்
ஒரு தைல பாட்டில் மூடி.

கணக்கை வாங்கிப் போயிருந்த ஜெசிந்தா,
அயோத்தியாப்பட்டணம் மருந்துக்கடையில் வேலை,
சில்லறையோடு ஒரு துண்டுச்சீட்டும் நீட்டினாள்:
“சிப்பாயாலும் முடிகிறது, பாருங்கள்.”
பார்த்தேன். முடிந்தது.
அன்று நாகலூர் வரை மூன்று பேர்
டிக்கெட் இல்லாமல் போனார்கள்.

நேற்று பதினாலாவது வளைவில் பனி.
எதிரே சில்வர் ஓக் ஏற்றிய லாரி,
அதன் முதுகில் ஒட்டியபடி இரண்டு வேன்.
ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.
சட்டம் அப்படி; இடம் அப்படியில்லை.
அர்த்தநாரி அண்ணன் ஹாரனில் கை வைக்கவேயில்லை.
இறங்கி விசிலடித்தேன்:
லாரி ஒரு முழம் பின்னே,
நாங்கள் பாறையோரம் அரை முழம்,
முதல் வேன் மூச்சைப் பிடித்து நடுவில்,
மறுபடி நாங்கள் பின்னே.
ஜெயிக்க யாருக்கும் அவகாசமில்லை.

கடைசி வேன் கண்ணாடியை மடக்கிக் கடந்தபோது
தெரிந்துவிட்டது, அந்தச் சிப்பாய்
ஒரு கட்டம் கீழே நிற்க வேண்டும்.
சிப்பாய் பின்வாங்காது, அது விளையாடுபவர்களுக்கு.
வைக்கிறவன் எங்கேயும் வைக்கலாம்.

பனி ஊறிய விரலால் அழித்தேன்.
சிப்பாயோடு
ராஜாவின் கட்டமும் கிழிந்து வந்தது.