கால்நடை – ஒன்று

ராத்திரி மூணு மணிக்கு ஆறு வீட்டுக்குள் வந்தது.
மைக்கில் முன்னாடியே சொன்னார்களாம்,
மேடான இடத்துக்கு நடந்து போங்கள் என்று.
நடந்து.

எதிர்வீட்டு துரைக்கண்ணு என்னை முதுகில் ஏற்றி
மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான்.
அவனுக்கு அன்று ஜுரம்.
அந்தக் கழுத்துச் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.
கட்டிலடியில் கிடந்த காலிப்பரை
இரண்டாம் நடையில் எடுத்து வருகிறேன் என்றான்.
இரண்டாம் நடைக்குப் படி இல்லை,
தண்ணீர்தான் இருந்தது.

பதினோராம் நாள்
சைதாப்பேட்டை பள்ளிக்கூடத்தில் கணக்கெடுப்பு.
பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் என்னைத் தூக்கிப்போக
வரிசை விலகி வழிவிட்டது.
ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்,
பழக்கதோஷம்.

மேசைப் பையனின் சட்டைப்பையில் மூணு பேனா.
பேர்? பிலோமினா.
பாத்திரம்? போச்சு.
வேறென்ன போச்சு?
கால், என்றேன். இடது. இரும்பும் தோலும்.
கே.கே. நகரில் அளவு கொடுத்து
ஏழு மாசம் காத்திருந்து வாங்கியது.

படிவத்தில் அவன் விரல் இறங்கியது.
குடிசை, படகு, வலை, பயிர், கால்நடை.
மேலே போய்
மறுபடி இறங்கியது.
அதுக்குக் கட்டம் இல்லைக்கா, என்றான்,
படிவத்தை அவனே அச்சடித்தவன் மாதிரி குரல் தாழ்த்தி.
பின்னால் யாரோ இருமினார்கள்.
கொஞ்ச நேரம் என் புடவைக் கரையைப் பார்த்தான்.
பிறகு எழுதினான்:
கால்நடை – ஒன்று.

பொய்யில்லை.
காலும் அதுதான், நடையும் அதுதான்.

மார்ச்சில் கடிதம் வந்தது.
மேற்படி கால்நடை பசுவா எருமையா எனத் தெளிவுபடுத்தி,
கால்நடை மருத்துவர் சான்றும்
சடலத்தின் புகைப்படமும் இணைத்து
மனுதாரர் நேரில் வரவும்.
இரண்டாம் மாடி.
லிஃப்ட்டைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

சடலம் கிடைத்துவிட்டது.
பாலத்தடிச் சேற்றில், துருவேறி,
ஷூவுக்குள் ஒரு நண்டு குடியிருக்க.
துரைக்கண்ணு அதைச் சுவரில் சாய்த்து
போனில் படமெடுத்தான்.
கொஞ்சம் திரும்பு, என்றான் அதனிடம்.
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.

என்னன்னு போடட்டும், என்று கேட்டான்.

பசு என்று போடு.
ஒன்பது வருஷம்
இந்த ஊர் முழுக்க
என்னை மேய்த்துக் கூட்டிவந்தது.