முத்திரை உடையாதவை

கூஸமோ சாலையில், பனி தள்ளும் வண்டிகள் திரும்புமிடத்தில்
தகரக் கூரைப் பட்டறை ஒன்றை வாங்கினேன்.
விலையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை:
பேட்டரி செத்த ஒரு சாப் கார்,
எலி குடித்தனம் நடத்திய அதன் பின் இருக்கை,
வடக்குச் சுவரில் ஒரு மர அலமாரி.

அலமாரியில் பதினொரு டப்பாக்கள்.
ஒன்றின் மூடியும் திருகப்படவில்லை.
ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில்
பழைய சொந்தக்காரர் ஹன்னெஸின் சாய்ந்த எழுத்து.
"மே மாதத்துக்கு."
"மகன் வரும்போது."
"நார்வே பயணம்."
எந்த மே என்று எழுதியிருக்கவில்லை.

எஞ்சின் ஆயிலைத்தான் முதலில் திறந்தேன்.
கண்ணாடிக் குவளையில் தேன் நிறம்.
அடியில் மட்டும் மூக்குப்பொடி அளவு வண்டல்,
முப்பது வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று.
ஓட்டுவதற்கு வேண்டாம்,
உள்ளே கழுவி ஊற்ற ஆகட்டும் என்று ஒதுக்கினேன்.

கியர் ஆயில் புதிதிலேயே நாறும்.
கெட்டுவிட்டதா என்று மூக்கைக் கேட்டு என்ன பயன்?

கூலன்டின் நீலம் வெளுக்கவில்லை.
பாதிக்குப் பாதி நீர் கலந்து
கிண்ணத்தில் ஊற்றி வாசற்படியில் வைத்தேன்.
அன்றிரவு மைனஸ் இருபத்தெட்டு.
காலையில் கிண்ணத்தைச் சாய்த்தால்
சோம்பலாக, ஆனாலும்
நகர்ந்தது.
அதைப் பார்த்து நான் ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

மிஞ்சியது பிரேக் ஆயில்.
அரை லிட்டர், பிளாஸ்டிக் புட்டி,
மூடிக்குக் கீழே வெள்ளி முத்திரை
அன்று ஒட்டியது போல மினுக்கம்.

அந்த நேரம் பார்த்து எஸ்கோ வந்தான்.
ஓசி என்றால் பினாயிலையும் ருசி பார்க்கிற ஆள்.
"சீல் உடையலையே சைமி, புதுசுதானே?
என் வேனுக்கு ஊத்திக்கிறேன்."

அவனிடம் சொன்னேன்:
இது தண்ணீருக்கு ஏங்கும் திரவம்.
மூடி வைத்தாலும் புட்டியின் சுவர் வழியாக
கோடைக்கு ஒரு மிடறு, அடுத்த கோடைக்கு ஒரு மிடறு,
யாருக்கும் தெரியாமல் குடித்திருக்கும்.
ரூக்கா சரிவில் நீ இறங்கும்போது
சூட்டில் அந்தத் தண்ணீர் கொதிக்கும்.
கொதித்தால் குமிழி.
குமிழியை மிதித்தால் உன் கால்
தரையைத்தான் தொடும்.

"உனக்குப் பயம் ஜாஸ்தி" என்றான்.
கடையில் புதியது ஒன்பது யூரோ.
அந்த வேனில்தான் வென்லா பள்ளிக்கூடம் போகிறாள்.

அவன் காபி ஊற்றிக்கொள்ளத் திரும்பிய நேரத்தில்
ஸ்க்ரூடிரைவரால் வெள்ளி முத்திரையைக் குத்தினேன்.
சின்னச் சத்தம்.
"அடடா, கிழிஞ்சுபோச்சே" என்றேன்.
திறந்த புட்டியை எஸ்கோவும் நம்பமாட்டான்.
முணுமுணுத்தபடி வண்டலோடு இருந்த ஆயிலை
ரம்பச் சங்கிலிக்கென்று தூக்கிக்கொண்டு போனான்.

புட்டியைக் கழிவுப் பெட்டியில் வைக்கும்போதுதான் பார்த்தேன்,
பின்பக்கம், சிறிய எழுத்தில்:
"லிஸாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க."

சாயங்காலம் ஊலுவுக்கு ஃபோன் செய்தேன்.
நாலாம் மாடி, எண்பத்து நாலு வயது,
பாதாள வாகன நிறுத்தத்தில் பெயர் எழுதாத இடம்.
எலி பற்றிக் கேட்டார். கூரை ஒழுகுகிறதா என்றார்.
அப்புறம் கொஞ்சம் மௌனம்.
"அந்த பிரேக் ஆயில்...
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றான்,
ஒன்றுதான் வாங்கினேன்.
சீல் அப்படியே இருந்ததா?"

"இருந்தது" என்றேன்.

"அப்படியென்றால் நல்லதுதான்."

ஜன்னலுக்கு வெளியே சாப் நின்றது,
நான்கு சக்கரமும் பனியில் புதைந்து,
எந்த பிரேக்கும் தேவைப்படாமல்.

"ஊற்றியாயிற்று" என்றேன்.
"நல்லாப் பிடிக்கிறது."