பக்கம் எண்பத்து நான்கு

கதை எழுதினவருக்கு,
உங்கள் பெயர் இருந்த அட்டை கிழிந்துபோய்
பழுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள்
குடியாத்தம் நூலகத்தில்.
அதனால் இப்படித்தான் கூப்பிட முடிகிறது.

உங்கள் பையனுக்கும் பன்னிரண்டு வயது.
அவன் அப்பாவுக்கும் வேலை போய்விட்டது.
அதுவரை சரி.
ஆனால் வீட்டில் சண்டை வந்தால்
அவன் மாடிக்குப் போய் நட்சத்திரம் எண்ணுகிறான்.
எங்களுக்கு மாடி கிடையாது.
சண்டை நடக்கிற அறையில்தான்
நான் பின்னக் கணக்குப் போடுகிறேன்,
தம்பி தூங்குகிறான்,
ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் ஆறரைக்கு வந்துவிடும் என்று
அம்மா ராத்திரியே டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.

சண்டையும் நீங்கள் எழுதின மாதிரி இருக்காது.
யாரும் நீளமாகப் பேசுவதில்லை.
"உப்பு எங்க?" என்பார் அப்பா.
"வெச்ச எடத்துலதான் கீது" என்பாள் அம்மா.
அவ்வளவுதான்.
அதற்குள்ளேயே இருக்கும்
லோடு ஆட்டோவை ஃபைனான்ஸ்காரர்கள் ஓட்டிப்போனது,
கட்டாத மூன்று டியூ,
பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு
பத்திரிகை வராதது.

அம்மாவின் கம்மல் மாசியில் போனது.
இப்போது காதில் துடைப்பக் குச்சி.
கம்பெனியில் கேட்டால்
காது புண்ணு என்கிறாளாம்.

அடகுச் சீட்டு ரோஸ் நிறம்.
டிவி மேல் கிடந்தது.
அடையாளத்துக்கு அதைத்தான் வைத்தேன்
உங்கள் எண்பத்து நாலாம் பக்கத்தில்.
வேண்டுமென்று இல்லை, கைக்குக் கிடைத்தது.
அந்தப் பக்கத்தில்தான் உங்கள் பையன்
அப்பாவின் சட்டைப் பையிலிருந்து
இருபது ரூபாய் எடுக்கிறான்.
அதற்குமேல் எனக்குப் படிக்க வரவில்லை.
நான் எடுத்தது பத்துதான்.

கெடு முடிந்தது. புத்தகத்தைத் திருப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை ராத்திரி
சீட்டுப் பணம் எடுத்துவந்தாள் அம்மா.
கம்மலை மீட்கலாம்.
டிவி மேலே, அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்னால்,
தம்பியைப் புரட்டிவிட்டுப் பாய்க்கு அடியில்.
"நீதான் எங்கியோ விட்டுட்ட" என்றாள்.
அப்பா ஒன்றும் பேசாமல்
கொடியிலிருந்த சட்டைகளை எடுத்து
ஒவ்வொரு பையாக வெளியே இழுத்துக் காட்டினார்.
நாக்கு மாதிரி தொங்கின எல்லாம்.

உங்கள் பையன் இந்த மாதிரி நேரத்தில்
உண்மையைச் சொல்லி அழுதுவிடுவான் என்று நினைக்கிறேன்.
நான் பின்னத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நூலகம் லீவு.
சனிக்கிழமை போனால் புத்தகம் இல்லை,
ஏழாவது பி நுஸ்ரத் எடுத்துப்போயிருக்கிறாள்.
பாலம் தாண்டி ஓடினேன்.
அவள் அம்மா முறம் நிறைய பீடி இலையோடு
நிமிராமலே உள்ளே கைகாட்டினாள்.

சீட்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.
"ஒனுதா?" என்றாள் நுஸ்ரத்.
"எங்க வூட்லயும் மூணு கீது. அதே சேட்டு கடை."
கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.
நம்பர் பார்த்தோம்.
அவளுடையது எல்லாம் என்னுடையதற்கு முந்தினது.
என் சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு
அவளுடையதில் ஒன்றை நூற்றுப் பன்னிரண்டில் செருகினாள்.
"ஐயோ, தொலஞ்சிடும்டி."
"இது முழுகிப்போன சீட்டு. அம்மா கொலுசு.
இதுக்கு இன்னா வேல இனிமே?"
கடைசியில் அந்தப் பையனுக்கு ஏதோ பரிசு விழும்போல,
முன்னாலேயே திருப்பிப் பார்த்துவிட்டாளாம்.
சொல்லாதே என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

டிவிக்குப் பின்னால் கிடந்தது என்று
வீட்டில் கொடுத்தேன்.
"அங்க நாலு வாட்டி பாத்தனே" என்றாள் அம்மா.
அப்பா சீட்டைப் பார்த்தார்.
சீட்டின் ஓரத்தில் நூலகத்து முத்திரை மை
லேசாக ஒட்டியிருந்தது, நான் அப்போதுதான் கவனித்தேன்.
உங்கள் கதையாக இருந்தால்
இந்த இடத்தில் அவர் ஏதாவது சொல்லியிருப்பார்.
எங்கள் அப்பா தட்டை இழுத்துக்கொண்டு
உப்பு எங்க என்று கேட்டார்,
என்னைப் பார்த்து.
எடுத்துக் கொடுத்தேன்.