பென்சிலால்

எட்டரைக்கு இடாப்பைத் திறப்பேன்.
பெயர்கள் பத்தொன்பது, கட்டங்கள் முப்பத்தொன்று.
வந்தால் நீலச் சரி. வராவிட்டால் சிவப்பு வட்டம்.
மார்கழியில் சிவப்புப் பேனைதான்
முதலில் தீர்ந்துபோகிறது.

மாதம் பதினாறு நாளுக்குக் குறைந்தால்
பிரதேச செயலகத்தில் யாரோ ஒருவரின் விரல்
ஒரு பெயரைத் தொடும்; மானியம் நிற்கும்.
அடுத்த மாதம் முழுக்காசு, ஆறாயிரத்து ஐந்நூறு.
முழுக்காசு கட்டக்கூடியவரின் பிள்ளை
ஒட்டுசுட்டானில் இந்தத் தகரத்துக்குக் கீழே
எதற்கு வரப்போகிறது?

மிதுர்சாவுக்கு நேற்றுவரை
பதினைந்து நீலம்.

முதல் சிவப்பு, குளம் வான் பாய்ந்த அன்று.
பாலத்துக்கு மேல் இடுப்பளவு தண்ணீர்.
'காரணம்' என்ற கடைசி நிரல்
ஒரு நெல்மணி அகலம். அதற்குள்
'வெள்ளம்' என்று எழுதினேன்.
கடைசி எழுத்து அடுத்த பிள்ளையின் வரிக்குள் வழிந்தது.

கந்தோருக்குக் கோல் எடுத்துக் கேட்டேன்,
அந்த ஒரு நாளைக் கழிக்கலாமோ என்று.
"எல்லாருக்கும்தானே வெள்ளம், மிஸ்.
சிஸ்டம் எடுக்காது."

பிறகு யானை. வாழைக்கு வந்தது
விடிந்தும் றோட்டை விடவில்லை.
யானையைப் பற்றி நான் கோல் எடுக்கவில்லை.

கடைசி நாலும் காய்ச்சல்.

காய்ச்சல் பிள்ளைக்குத்தான்.
ஆனால் நிறோஜினி கார்மென்ட்ஸுக்குப் போகவில்லை,
அங்கே அவளுக்கும் ஓர் இடாப்பு.
ஒரு நாள் தவறினால் வரவுக்காசு பாதி,
இரண்டு நாளில் அதுவும் இல்லை,
நாலு நாளில் சுப்பவைசர்
ஏனென்று கேட்கவும் மாட்டாராம்.
ஒரே நெற்றியின் சூடு
இரண்டு கொப்பிகளில் சிவந்தது.

வேலை இருந்தால்தான் மானியம்.
பிள்ளையை விட இடம் இருந்தால்தான் வேலை.
விண்ணப்பம் நிரப்பிய அன்று
இதை இரண்டு தரம் வாசித்துவிட்டு
"எந்தப் பக்கத்தால ஏறுறது, ரீச்சர்?" என்று சிரித்தாள்.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு,
யாரும் கேட்பதில்லை.
பிள்ளைகள் பத்தொன்பதுக்குக் குறைந்தால்
நிலையத்துக்கு ஒரு ரீச்சர் போதும்.
நான் இரண்டாவது.

இன்று மாதத்தின் கடைசி வேலைநாள்.
ஒன்பது மணிக்குப் பயறு அவிந்தது.
பதினெட்டுக் கோப்பை போதும் என்றார் மங்களேஸ் அக்கா.
பத்தொன்பது வைத்தேன்.
ஒன்பதரைக்குப் பிறகு வந்தால்
வராததாகவே கொள்ளப்படும் என்கிறது சுற்றறிக்கை.
ஒன்பதரை ஆனது.
படலையில் ஒரு நாய் மட்டும்.

பத்தேகாலுக்கு உழவு மெசின் ஒன்று வந்து நின்றது.
பெட்டியில், உர மூட்டைகளுக்கு நடுவே
நிறோஜினி. கழுத்தில் தொழிற்சாலை அட்டை,
மடியில் பிள்ளை.
"பஸ்ஸை விட்டிட்டன், ரீச்சர்.
இவளையாவது எழுதுங்கோ."

இவளையாவது.

பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன்.
இன்னும் சூடு போகவில்லை.
காய்ச்சலோடு வரும் பிள்ளையைச் சேர்க்கக்கூடாது;
அது இன்னொரு சுற்றறிக்கை,
சுவரில் ஒட்டியவளே நான்தான்.

மிதுர்சா சப்பாத்தைக் கழற்றி
மற்றச் சப்பாத்துகளோடு வரிசைக்கு வைத்தாள்.
பத்தொன்பதாம் கோப்பைக்கு முன்னால் இருந்தாள்.
"என்ர பேரை இன்னும் கூப்பிடேல்லை," என்றாள்.

கூப்பிட்டேன்.
"வந்திட்டன்!"
மெசின் சத்தத்துக்கு மேலே கேட்டது.

பாயை விரித்தேன், பனடோல் பாணி தேடினேன்,
பிறகு பென்சிலால்
மெல்லிசாக ஒரு சரி போட்டேன்.
மூன்று மணிக்குக் கொப்பி கந்தோருக்குப் போகவேண்டும்.
மேசையில் ஒரு பக்கம் அழிறப்பர்,
மறுபக்கம் நீலப் பேனை.

அவள் பயறை எண்ணி எண்ணித் தின்கிறாள்.
பதினைந்துக்கு மேல் அவளுக்கு எண் தெரியாது.
"பதினைஞ்சு," என்கிறாள்,
"பிறகு இன்னொண்டு."