முந்தைய துளி

வேலை செய்யவில்லை என்றேன்.
"வேலை செய்யவில்லை என்று ஒரு பழுது கிடையாது"
என்றான் கௌத்தே, கையைத் துடைத்தபடி.
"என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய்,
என்ன நடந்தது. மூன்றாகச் சொல்."

பெர்கனில் பதினோராவது நாளாக மழை.
பழைய கயிற்றாலையின் மூன்றாம் மாடியில்
செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர்.
யாருக்கும் சொந்தமில்லாத, அதனாலேயே
எல்லோருக்கும் பாத்தியதை உள்ள ஒரு மென்பொருள்.
திரையில் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி கம்பி.
எழுதுவதில்லை, இழுத்துக் கட்டுகிறோம்.
கட்டி முடித்தால் பாடும்.
பாடாவிட்டால் செவ்வாய்க்கிழமை.

மூன்றாகச் சொன்னேன்:
தகரக் கூரையில் ஓர் உணர்வியை ஒட்டினேன்.
பெருந்துளிக்கு அடிக்குரல், சிறுதுளிக்குக் கீச்சுக்குரல்
வரும் என்று எதிர்பார்த்தேன்.
வருகிறது. ஆனால் எங்கோ பொய் சொல்கிறது.
"எது பொய்?"
தெரிந்தால் இங்கே ஏன் வருகிறேன்.

ராக்ன்ஃப்ரிட் தன் வழக்கப்படி
ஒலி அட்டையைச் சந்தேகித்தாள்:
நாற்பத்து நாலாயிரத்து நூறா, நாற்பத்தெட்டாயிரமா?
ஐலெர்ட் புதிய பதிப்பைப் பழித்தான்,
பிறகு பழைய பதிப்பையும் பழித்தான்.
யாரோ பழுப்புப் பாலாடைக்கட்டி சீவினார்கள்.
விளிம்பு அறுந்த பெட்டி ஏதும் உண்டா என்று தேடினோம்.
இல்லாத ஒன்றைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்
பெட்டி அப்படித்தான் ஓரம் கிழிந்து நிற்கும்.
இல்லை. எல்லாம் முழுசு.

கௌத்தே மீன் கிடங்குகளில்
குளிர்ப்பெட்டி பழுதுபார்ப்பவன்.
சுரம் தெரியாது என்பான்.
கண்ணை மூடிப் பத்து நிமிடம் கேட்டான்.
ஒரு தகரத் துண்டின் மேல்
ஒரே ஒரு சொட்டு விட்டான்.
சத்தமே இல்லை.
இன்னொரு சொட்டு. கீச்சென்றது.
பிறகு ஒரு கரண்டித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தான்.
அதற்கும் கீச்.
அதன்பின் விழுந்த பொட்டுத் துளி
கப்பல் சங்காய் முழங்கியது.

"ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் குரலில் பாடுகிறது."

மூன்று வாரமாக நான் கேட்டதெல்லாம்
பழைய மழை.

கம்பிகளைப் பார்த்தோம்.
ஓர் எண்ணிலிருந்து இரண்டு கம்பி.
வலக்காதுக்குப் போவது சுரத்தைச் சொல்லிவைக்கும்,
சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.
இடக்காதுக்குப் போவது அடிக்கும்.
சொல்லிவிட்டு அடிக்க வேண்டும்.
அடித்துவிட்டுச் சொன்னால் இந்தக் கதிதான்.

ஐலெர்டிடம் என் பழைய பிரதி இருந்தது.
பக்கத்தில் வைத்தோம்.
பெட்டிக்குப் பெட்டி, கம்பிக்குக் கம்பி ஒன்று.
அது மட்டும் சரியாகப் பாடியது.

"இந்த இரண்டில் எதை முதலில் இழுத்தாய்?"

ஞாபகம் வந்தது. நவம்பரில் ஓர் இரவு
எரிச்சலில் வலக்கம்பியைப் பிய்த்தேன்.
விடிவதற்குள் வெட்கப்பட்டு
அதே இடத்தில் திரும்பக் கட்டினேன்.
திரையில் தழும்பு இல்லை.
ஆனால் உள்ளே அது இப்போது இளையது;
இளையது பின்னால்தான் போகும்.
படம் அதேதான்.
கட்டிய வரிசையைப் படம் காட்டுவதில்லை.

கௌத்தே ஒன்றும் சொல்லவில்லை.
நடுவே ஒரு சின்னப் பெட்டியை வைத்தான்:
முதலில் வலம், அப்புறம் இடம்.
இனி யார் எந்த ராத்திரி பிய்த்துக் கட்டினாலும்
வரிசை பிசகாது.
சொட்டு விட்டான். சொட்டு தன் குரலில் பேசியது.

எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டு
அசடு வழிந்தேன்.
"உதவிப் பக்கத்தில் இது இல்லை. நீ எழுது."

பேருந்துக்குக் காத்திருக்கையில் எழுதினேன், நாலு வரி.
மறுநாள் ராக்ன்ஃப்ரிட் ஒரே ஒரு சொல்லை அடித்திருந்தாள்:
'எளிதாக'.
மாட்டிக்கொண்டவர்கள் படிக்கிற பக்கம் இது என்று
ஓரத்தில் குறித்திருந்தாள்.

கூரை இப்போது பெய்கிற மழையைப் பாடுகிறது.
கொஞ்சம் ஏறித்தான் ஒலிக்கிறது.
ராக்ன்ஃப்ரிட் சொன்னதும் சரிதான் போல,
அந்த நாற்பத்தெட்டாயிரம்.

அது அடுத்த செவ்வாய்.