பெயர் மாற்றம்

விலையை முதலில் சொல்லவில்லை.
குறையைத்தான் சொன்னேன்:
ஏற்றத்தில் இரண்டாம் கியர் நழுவும்.
மற்றபடி பி.எஸ்.ஏ., நாற்பத்து நாலாம் வருஷம்,
பட்டாளம் கப்பலேறும்போது
ஏலத்தில் தள்ளிவிட்டுப் போனது.

மோல்மேனிலிருந்து வந்த கோ ஸின் மின்
கைலியை மடித்துக் குந்தி
எஞ்சினுக்கடியில் செய்தித்தாள் ஒன்றைச் செருகினார்.
டீ வந்தது. ஆறும்வரை குடித்தோம்.
தாளை உருவிப் பார்த்தார்:
ஒரு சொட்டு இல்லை.
அப்போதுதான் விலை கேட்டார்.

பெட்ரோல் விரலை நனைக்கும்வரை
கார்புரேட்டர் பொத்தானை அமுக்கணும்.
இடக்கை நெம்பு பின்னால் இருக்கணும்,
மறந்தால் திருப்பி உதைக்கும்,
என் முழங்கால் சாட்சி.
மூன்றாம் உதையில்
ஷெட்டின் தகரமெல்லாம் பேசியது.

எவ்வளவு ஓடியிருக்கும் என்றார்.
ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் கூடாதென்ற நாள்முதல்
ஞாயிறுதோறும்
ஒன்பதடி முன்னே, ஒன்பதடி பின்னே.
இருபது வருஷத்தைக் கூட்டினால்
தாம்வேயிலிருந்து சூலே பகோடாவரை போயிருப்பேன்.
திரும்பி வந்திருக்க மாட்டேன்.

தாளில்தான் இடறினோம்.
உரிமையாளர்: ஊ தா டுன்.
யார் இது?
அடுத்த வீட்டுக்காரர். செத்து முப்பது வருஷம்.
என் அப்பா கையில் அந்நியர் அட்டை,
வம்பெதற்கு என்று
அவர் பெயரில் எழுதி வைத்தார்.
வருஷத்துக்கொரு ரம் பாட்டில்
பெயருக்கு வாடகையாகப் போனது.
இன்று என்னிடம் இளஞ்சிவப்பு அட்டை இருக்கிறது,
பள்ளிக்கூடம் வைத்த தான் நாய்ங் இருக்கிறது,
பஞ்சநாதன் என்று கூப்பிட இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.
வண்டி மட்டும்
ஊ தா டுன்னுடையதாகவே நின்றது.
மாற்றியிருக்கலாம். என்னவோ, மாற்றவில்லை.

மகள் டோ கின் ஸேன் வந்தார்,
தெற்கு டகோனிலிருந்து, வெங்காயப் பையோடு.
கையெழுத்துக்குக் காசு வேண்டாமென்றார்.
கொஞ்சம் யோசித்து
பஸ்ஸுக்கு மட்டும் என்றார்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பெயரைப் படித்தார்,
மறுபடி படித்தார்.
“அப்பாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே.”
சந்தையில் மாட்டைத் தட்டுவதுபோல
சீட்டை ஒருதரம் தட்டிவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

விற்ற வண்டியையும் ஓட்டிப்போக முடியாது.
லாரி வந்தது.
பலகை போட்டு ஏற்றினோம்,
பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் உரமூட்டைக்கும் நடுவில்.
பையன் கட்டிய கயிற்றை அவிழ்த்து
நான் கட்டினேன்.
அதையும் அவிழ்த்து,
டேங்கில் உரசாமல் என் பனியனைச் செருகி,
இன்னொருதரம்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஷெட்டில் ரீசார்ஜ் கடை வருகிறது.
முன்பணம் எண்ணிக்கொடுத்த பெண் கேட்டாள்:
“இங்கே வண்டி நின்றதென்றீர்களே,
தரையில் கறையே இல்லையே?”
வாடகையில் ஐயாயிரம் ஏற்றிச் சொன்னேன்.

வியாழக்கிழமை போன்.
அவர் பேசவில்லை,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்.
காற்று. நாய் ஒன்று.
மலைப் பகோடா ஏற்றமாக இருக்கும்:
முதல் கியர், இழுத்துப் பிடித்து
இரண்டு.
பிறகு, பாக்கு கடித்தாற்போல்
ஒரு டக்.

“சொன்னேன்ல” என்றேன்,
அந்த இரைச்சலில் கேட்காதென்று தெரிந்தே,
கொஞ்சம் உரக்க.