வெறும் வண்டியின் எடை

பகாவில் மழை நாலு மணிக்கு வரும்.
நாலே காலுக்கு மின்சாரம் போகும்.
இடையில் கிடைத்த பதினைந்து நிமிடத்தில்
திரையில் ஒரு நீலப் பெட்டி எழுந்து சொன்னது:
அடுத்த பதிப்புக்கு இந்தக் கணினிக்குத் தகுதியில்லை.

தகுதியில்லை.
வீட்டுக் கடன் கேட்டபோது
வங்கி எழுதிய அதே சொல்.
அது மலாயில் இருந்தது, கொஞ்சம் மரியாதையாக.

லோ கொக் வெங் கடையில்
முன்னூற்று எண்பது வெள்ளிக்கு வாங்கிய லேப்டாப்.
மூடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன டுரியான் ஸ்டிக்கர்.
நாலு ஜிபி நினைவகம்.
"புதுசு எடு லா, தவணை போடலாம்" என்றார்.
தவணை ஏற்கெனவே மூன்று ஓடுகிறது.
மோட்டார், ஃபிரிட்ஜ்.
மூன்றாவதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆலையில் பாய்லர் பார்க்கும் ஹைருல்
"லினக்ஸ் போடுங்கள் அக்கா, இலவசம்" என்றான்.
எது என்று கேட்டேன்.
அங்கேதான் தப்பு செய்தேன்.

உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா,
சோரின், மஞ்சாரோ,
பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆர்ச்.
ஒரே குலத்தில் இத்தனை பங்காளிகளா?
ஆளுக்கொரு கோபுரம், ஆளுக்கொரு படையல்,
கருவறையில் மட்டும் ஒரே கல்.
மூன்று இரவு தூக்கமில்லை.
ஒன்றைத் தொட்டால்
மற்றதெல்லாம் முறைப்பதுபோல் இருந்தது.

நான்காம் நாள்
சின்னப்பன் லாரி செம்பனைக் குலைகளோடு
என் எடைமேடையில் ஏறியது.
இருபத்திரண்டாயிரத்து நானூறு கிலோ.
கொட்டிவிட்டுத் திரும்பி ஏறியது.
பத்தாயிரத்து நூற்றிருபது.
கழித்து எழுதப்போன கை நின்றது.

பதினொரு வருஷமாக இதைத்தானே செய்கிறேன்,
வண்டி எவ்வளவு, காய் எவ்வளவு.
பெயின்டைப் பார்த்து, ஹார்னைக் கேட்டு
எந்த லாரிக்கும் நான் சீட்டு கிழித்ததில்லை.

அன்றிரவே பழைய எடைப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
கோடு போட்டேன்.
ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் ஏற்றி,
எதையும் நிறுவாமல், எதையும் திறக்காமல்,
சும்மா நிற்கும்போது எவ்வளவு தின்கிறது என்று பார்த்தேன்.
ஃபெடோரா ஒன்றரை ஜிபிக்கு மேல். அழகுதான்.
மின்டில் இலேசான வகை, எண்ணூற்றுச் சொச்சம் எம்பி.
ஆன்டிஎக்ஸ் இருநூறு. வெறும் சைக்கிள்!

இருநூறில் மனம் போனது.
ஆனால் வைஃபை பிடிக்கவில்லை.
தமிழ் வரவேண்டிய இடத்தில்
வரிசையாக வெற்றுக் கட்டங்கள்,
சீனப் பெருநாளன்று பூட்டிய கடைவீதி மாதிரி.
ஹைருல் வந்தால் சரிசெய்வான்.
ஹைருல் எத்தனை நாள் வருவான்?

மின்டில் கேட்காமலே வைஃபை வந்தது.
'ழ' தன் சுழியோடு வந்தது.
ஹைருல் உதட்டைப் பிதுக்கினான்:
"அது புதுசா வருகிறவர்களுக்கு, அக்கா."
பின்னே நான் யாராம்?

ஞாயிறு, மதியச் சோற்றுக்குப் பின்
மழைக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.
வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்டது.
டிப்ளோமா பாடங்களைப் பிரதி எடுத்தாயிற்று.
மூன்றாவது தவணையின் ரசீதுகளை எடுக்கவில்லை.
அழி என்றேன்.

அன்றைக்கென்று மழை இரண்டு மணிக்கே வந்தது.
மின்சாரம் போனது.
இந்த பேட்டரி ஏழு நிமிடம் தாங்கும்.
அறுபத்திரண்டு சதவீதத்தில் திரை கறுத்தது.
பழையதும் இல்லை, புதியதும் இல்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதன் மூடிமேல்
டுரியான் மட்டும் பளபளத்தது.

மறுபடி முதலிலிருந்து.

இரவு எட்டரைக்கு முதல் கட்டளை.
கடவுச்சொல் கேட்டது, தட்டினேன்.
திரையில் ஒன்றும் விழவில்லை,
ஒரு புள்ளிகூட.
விசைப்பலகை செத்ததென்று
கணினியைக் கவிழ்த்து உலுக்கிவிட்டு
ஹைருலைக் கூப்பிட்டேன்.
அவன் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.
"காட்டாது அக்கா. ஆனால் வாங்கிக்கொள்ளும்.
முழுசாக அடித்து என்டர் தட்டுங்கள்."

தட்டினேன்.
வரிகள் ஓடத் தொடங்கின,
பாதி புரியவில்லை, ஓடட்டும்.
எடைப் புத்தகத்தைத் திருப்பி
இன்றைய தேதியில் எழுதினேன்.
வண்டி: எண்ணூற்றுச் சொச்சம்.
காய்: இனிமேல்தான்.